அலகின் வரலாறு: பண் முதல் மிடி வரை



இசையிலே ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு ஏறும் படி எத்துணை உயரமுடையதாயிருத்தல் வேண்டும்? தமிழிசை அறிஞரை நெடுங்காலம் ஆட்கொண்ட வினா இது. இக்காலத்தில் கணினியின் துணைகொண்டு இசை அமைக்கும் இளைஞர், கருவியின் குமிழை ஒரு முறை திருகினால் ஒலி எவ்வளவு நகர வேண்டும் என்று மென்பொருளிலே குறிக்கின்றார். அறிந்தோ அறியாமலோ, அவர் எழுதுவது அப்பழைய வினாவுக்குரிய விடையேயாம்.

மன்னார்த் தீவையும் அதன் எதிரேயுள்ள மாதோட்டக் கரையையும் இவ்வினாவுக்கு உரிய களமாகக் கொள்ளலாம். திருக்கேதீச்சரத்தைத் திருஞானசம்பந்தர் நட்டராகப் பண்ணிலும், சுந்தரர் நட்டபாடைப் பண்ணிலும் பாடினர். இராமேச்சரக் கரையில் நின்று கடலுக்கு இப்பாலுள்ள தலத்தை நோக்கிப் பாடினர் என்பது மரபு. 1560ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். பின்னாளில் இங்கே கத்தோலிக்கக் கூத்து மரபு செழித்தது. மாதோட்டப்பாங்கு, யாழ்ப்பாணப்பாங்கு என இருவகையாக அது வழங்கிற்று. கோயிற் பண்ணிலும் சரி, அண்ணாவியார் பயிற்றிய கூத்துப் பாட்டிலும் சரி, படியின் அளவைத் தீர்மானித்தவை மிடறும் செவியுமே.

எனினும் முன்னோர் கணக்கின்றிப் பாடினர் என்று கருதுதல் தவறாகும். சிலப்பதிகார உரை வழியே நாம் அறியும் பகுப்பு இது: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22 வரும். மாத்திரை என்றும் அலகு என்றும் சொல்லப்படுபவை இவையே. இவ்வெண்ணை மறுத்துத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில், 24 சம பகுதிகளை நிலைநாட்ட முயன்றார். நம் நாட்டுக் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலானந்தரோ, 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய 'யாழ் நூல்' வழியாக, 22 அலகுகளையே கணித முறையால் விளக்கினார். இரு பேரறிஞரும் வாதித்தது படியின் அளவைப் பற்றியே என்பதை நேயர்கள் கருத்தில் இருத்தல் வேண்டும்.

அவ்வாதத்தைக் கேளாமலே மேல்நாட்டுக் கருவியொன்று தன் விடையுடன் வந்து சேர்ந்தது. ஆர்மோனியத்திலே ஒரு தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள், இடையிலே வேறொன்றுமில்லை. நம் பாடகர் தம் சுருதியை 'ஒரு கட்டை', 'ஒன்றரைக் கட்டை' என்று குறிக்கும் வழக்கமும் அதனால் வந்ததே. அவ்வெண்களும் சீரானவையல்ல. ஒன்றிலிருந்து இரண்டாம் கட்டைக்கு இரண்டு அரைச்சுரம். மூன்றிலிருந்து நான்காம் கட்டைக்கு ஒன்றே. ஏனெனில் அவ்விடத்திற் கறுப்புக் கட்டை இல்லை. நுட்பமான கமகம் இக்கருவியில் அமையாது என்ற கண்டனம் வலுத்ததால், 1940இல் அகில இந்திய வானொலி அதனை ஒலிபரப்பிலிருந்து விலக்கிற்று. 1970களின் தொடக்கத்திலேதான் அத்தடை தளர்ந்தது.

அடுத்து வந்தது மின்னணுக் கருவி. 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான தேவ் சிமித், யப்பானியரான இக்குதாரோ காக்கேகாசி ஆகியோரின் முயற்சியால், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் உரையாடுதற்கு 'மிடி' என்னும் பொதுமொழி பிறந்தது. அதிலே ஒரு செய்தித்துண்டுக்கு எட்டு இடங்கள். அவற்றுள் ஒன்று, வருவது கட்டளையா அளவா என்பதை உணர்த்துதற்கென ஒதுக்கப்பட்டது. எஞ்சிய ஏழு இடங்களில் அடங்கும் அளவுகள் 0 முதல் 127 வரையிலான 128 மாத்திரமே. இது பொறியியலாளர் சிக்கனத்துக்காகக் கொண்ட எண். இசையிலிருந்து பிறந்த எண்ணன்று.

இதன் விளைவைச் சிறு கணக்கொன்றாற் காட்டலாம். அரைச்சுரம் ஒன்றை நூறாகப் பகுத்துச் 'சென்ட்' என அளக்கும் முறையை ஆங்கில அறிஞர் அலெக்சாந்தர் எல்லிசு 1885இல் விரித்துரைத்தார். குமிழொன்றைச் சுருதியின் உயர்வு தாழ்வுக்கென இணைத்து, கீழே ஒரு தாயி, மேலே ஒரு தாயி என 2400 சென்ட் பரப்பை அதற்குக் கொடுத்தோமாயின், ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 19 சென்ட் ஆகும். பிரமாண சுருதி எனப்படும் 81/80 என்னும் நுண்ணிடைவெளியோ 21.5 சென்ட் மட்டுமே. ஆகவே, ஒரு சுருதிக்கும் அதன் அயலதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் ஒரே தாவலில் விழுங்கப்பட்டு விடும். அதே குமிழுக்கு மேலும் கீழும் ஓர் அரைச்சுரம் மட்டும் கொடுத்தால், படி 1.6 சென்ட் அளவுக்குச் சிறுத்துவிடும். கருவி மாறவில்லை, அமைப்பே மாறிற்று.

முடிவின்றிச் சுழலும் குமிழ்களும் உள. அவை தாம் நிற்கும் இடத்தைச் சொல்வதில்லை. 'ஒன்று கூட்டு', 'ஒன்று குறை' என்று மட்டுமே அறிவிக்கும். அந்த 'ஒன்று' எவ்வளவு என்பதை மென்பொருளிலே நாம் வரையறுத்தல் வேண்டும். பாடுவார்க்கேற்பக் கட்டை மாற்றுதற்கு ஒரு சொடுக்குக்கு 100 சென்ட், அதாவது ஓர் அரைச்சுரம், என வைத்தல் பொருத்தம். நாகசுரத்தோடும் ஆர்மோனியத்தோடும் சுருதி சேர்த்தற்கு மற்றொரு குமிழை ஒரு சொடுக்குக்கு ஒரு சென்ட் என வைக்கலாம். இரண்டையும் ஒரே குமிழில் அடக்க முயல்வோர், விரைவை வேண்டும்போது சலிப்பையும், நுட்பத்தை வேண்டும்போது தாவலையும் காண்பர்.

கமகத்துக்கு உரியது வேறொரு வழி. ஒலியை வளைக்கும் சக்கரத்துக்கு மிடி 16,384 படிகளை அளித்துள்ளது. மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் என்னும் வழக்கமான அளவிலே, ஒரு படி சென்டில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கே. 2020இல் வெளிவந்த இரண்டாம் மிடியோ, குமிழ் ஒன்றுக்கே 429 கோடிக்கு மேற்பட்ட படிகளுக்கு இடந்தந்தது. ஆர்மோனியத்தின் மேல் சாட்டப்பட்ட குற்றத்தை இவற்றின் மேற் சாட்டுதல் இயலாது.

ஆயினும் படிகள் பெருகியதனாற் பண் தானே அமைந்துவிடாது. மின்னிசைப் பலகையோடு கூத்துப் பாட்டைப் பயிலும் மாணவன், கருவி பழக்கமாகத் தரும் பன்னிரண்டு கட்டைகளுக்குள் அண்ணாவியாரின் குழைவைத் திணிப்பானாயின், அடுத்த தலைமுறை அக்குழைவைக் கேளாமலே வளரும். முதலிற் பாட்டை வாய்வழியே கேட்டுப் பயில்க. எந்த இடத்தில் ஒலி கட்டைகளுக்கிடையே நிற்கின்றது என்பதைச் செவியால் உணர்க. அதன் பின்னரே குமிழின் படியை அமைக்க. பண்டிதரும் விபுலானந்தரும் ஆண்டுகள் பல செலவிட்டு ஆராய்ந்த அலகு, இன்று ஒரு மாணவனின் விரல்நுனிக்கு வந்துள்ளது. அதன் அளவை அவன் செவியே தீர்மானித்தல் வேண்டும்.