பாலீஷ் போடுறோம்னு கதவை தட்டினா உஷார்! தங்க நகையை வீட்டிலேயே பளபளப்பாக்கலாம்

கோவை:

பகல் 11 மணி. ஆண்கள் வேலைக்கு போய்விட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் வயதான பாட்டியோ, தனியாக மருமகளோ மட்டும் இருக்கும் நேரம். வாசலில் 'டிப்-டாப்'பாக உடை அணிந்த 2 பேர் வந்து நிற்பார்கள். கையில் ஒரு பை. பைக்குள் சின்ன பாட்டில், பிரஷ், பவுடர் பாக்கெட்.

"அக்கா, கம்பெனி விளம்பரத்துக்கு வந்திருக்கோம். காசு எதுவும் வேண்டாம். பழைய குத்துவிளக்கு இருந்தா கொடுங்க, புதுசு மாதிரி ஆக்கி காட்டுறோம்" என்பார்கள்.

குத்துவிளக்கு நிஜமாகவே பளபளக்கும். அடுத்து வெள்ளி கொலுசு. அதுவும் மின்னும். இல்லத்தரசிக்கு நம்பிக்கை வந்துவிடும். "கழுத்துல இருக்கிற செயினையும் கொடுங்களேன், மங்கிப்போய் கிடக்கு" என்று பேச்சு கொடுப்பார்கள். அங்கேதான் ஆரம்பிக்கிறது கைவரிசை.

செயினை வாங்கி பாட்டிலில் இருக்கும் தண்ணீர் போன்ற திரவத்தில் முக்குவார்கள். மஞ்சள் தூளை தூவுவார்கள். ஒரு டிபன் பாக்சில் போட்டு மூடி, "அடுப்புல லேசா சூடு காட்டுங்க, 20 நிமிஷம் கழிச்சு திறங்க" என்று சொல்லிவிட்டு நடையை கட்டிவிடுவார்கள். திறந்து பார்த்தால் சில நேரம் செயினே இருக்காது, கூழாங்கல் கிடக்கும். சில நேரம் செயின் இருக்கும், பளிச்சென்றும் இருக்கும். ஆனால் எடை குறைந்திருக்கும். எடை குறைந்த விஷயம் அடகு கடைக்கு போகும்போதுதான் தெரியும்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் பல வருடமாக நடக்கும் பழைய மோசடிதான் இது. ஆனாலும் இன்னும் ஏமாறுகிறார்கள் என்பதுதான் வேதனை.

தங்கம் எங்கே போகிறது?

அந்த பாட்டிலில் இருப்பது ராஜதிராவகம். நைட்ரிக் அமிலமும், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்தது. தனித்தனியாக இந்த 2 அமிலமும் தங்கத்தை ஒன்றும் செய்யாது. சேர்ந்தால் மட்டும் சுத்த தங்கத்தையே கரைத்துவிடும். கரைந்த தங்கம் எங்கேயும் ஆவியாகி போவதில்லை, அந்த திரவத்துக்குள்தான் இருக்கும். மோசடி ஆசாமிகள் பாட்டிலை பத்திரமாக கொண்டுபோய், வேறு மருந்து போட்டு தங்கத்தை தனியாக பிரித்து எடுத்துவிடுவார்கள்.

2005-ம் ஆண்டு வாக்கில் ஒரு பவுன் 5 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. 2025-ல் 90 ஆயிரத்தை தாண்டிப்போனது. 90 ஆயிரம் என்று கணக்கு வைத்தால்கூட ஒரு கிராம் 11 ஆயிரத்து 250 ரூபாய். ஒரு ஜோடி வளையலில் 2 கிராம் கரைந்தால் 22 ஆயிரத்து 500 ரூபாய் போச்சு. கூலி வேலைக்கு போகும் குடும்பத்துக்கு அது எத்தனை நாள் சம்பளம் என்று நினைத்து பாருங்கள்.

இப்படி ஏமாந்தது தெரிந்தால் உடனே 100 அல்லது 112-க்கு போன் செய்ய வேண்டும். அவர்கள் விட்டுப்போன திரவம், பாத்திரம் எதையும் கீழே கொட்டக்கூடாது. அது அமிலம், கையில் பட்டால் புண்ணாகும். போலீசுக்கு அதுதான் சாட்சி, அதற்குள் உங்கள் தங்கமும் இருக்கலாம். முன்பு இந்த ஆசாமிகள் மீது '420' போட்டார்கள். 2024 ஜூலை 1-ந்தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 318-வது பிரிவு. நம்பர்தான் மாறியிருக்கிறது, வேலை அதேதான்.

நகை ஏன் மங்குகிறது?

சுத்த தங்கம் துருப்பிடிக்காது, கறுக்காது. ஆனால் நாம் போடுவது 22 காரட். அதாவது 100-ல் 91.6 பங்குதான் தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. '916' என்று சொல்வது இதைத்தான். அந்த கலப்பு உலோகம்தான் வியர்வை பட்டு லேசாக நிறம் மாறும்.

ஆனால் வீட்டு நகை மங்குவதற்கு முக்கிய காரணம் அழுக்குதான். குளிக்கிற சோப்பு, தலைக்கு வைக்கிற எண்ணெய், முகத்துக்கு போடுகிற பவுடர், மஞ்சள் எல்லாம் சேர்ந்து செயின் கண்ணிகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டாலே பாதி பளபளப்பு திரும்பிவிடும். இதற்கு எந்த ஆசாமியும் வாசலுக்கு வரவேண்டாம், கடைக்கும் போகவேண்டாம்.

பூந்திக்கொட்டை போதும்

ராஜவீதி, வைசியாள் வீதி, செல்வபுரம் பக்கம் நகைப்பட்டறைகளில் விசாரித்தால் பூந்திக்கொட்டை கதையை சொல்லாதவர்கள் குறைவு. 4 அல்லது 5 பூந்திக்கொட்டையை விதை நீக்கி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு கசக்கினால் நுரை வரும். வெதுவெதுப்பாக ஆறியதும் நகையை அதில் 15 நிமிடம் போட்டு வைக்க வேண்டும். பூந்திக்கொட்டை கிடைக்காவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஷாம்பு நாலு சொட்டு விட்டாலும் சரிதான்.

பிறகு குழந்தைகள் பல் தேய்க்கும் மிருதுவான பிரஷ்ஷால் மெதுவாக தேய்க்க வேண்டும். செயினை விட திருகாணி, கொக்கி, வளையலின் உள்பக்கம் ஆகிய இடங்களில்தான் அழுக்கு அதிகம். இன்னொரு பாத்திரத்தில் நல்ல தண்ணீர் வைத்து அலசி, பழைய பருத்தி வேட்டி துணியில் ஒற்றி எடுத்து நிழலில் காயவைத்தால் வேலை முடிந்தது. ஈரத்தோடு பெட்டியில் வைக்கக்கூடாது.

முக்கியமான விஷயம், குழாயடியில் வைத்து கழுவவே கூடாது. பாத்திரத்துக்குள் வைத்துத்தான் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரையும் அப்படியே கொட்டாமல் ஒரு துணியில் வடிகட்டி பார்த்துவிட்டு கொட்டுங்கள். கல் விழுந்திருந்தால் துணியில் நிற்கும். பட்டறைகள் இருக்கும் தெருக்களில் மண்ணை கூட்டி அள்ளி, அலசி, தங்கத்துகள் எடுத்தே பிழைப்பு நடத்துபவர்கள் உண்டு. அவ்வளவு மதிப்பு அந்த தூசிக்கு. நம் வீட்டு தண்ணீரில் கொஞ்சம் கவனம் வைத்தால் தப்பில்லை.

கழுவிய பிறகு மஞ்சள் தூள் போட்டு தேய்க்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. மஞ்சள் நிறம் ஏறியது போல தெரியும், அவ்வளவுதான். நகைக்கு கெடுதல் இல்லை. ஆனால் தூள் மறுபடியும் கண்ணிக்குள் போய் அடைக்கும்.

பேஸ்ட் வேண்டாம். அது தங்கத்தில் மெல்லிய கீறல் போடும். பித்தளைக்கு போடும் புளி, பாத்திரம் துலக்கும் பவுடர், நார் இதெல்லாம் நகை பக்கமே போகக்கூடாது. கழிவறை கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் இரண்டிலும் கையை விடும் முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைப்பது நல்லது. குளோரின் அந்த கலப்பு உலோகத்தை அரிக்கும்.

காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரச தெர்மாமீட்டர் உடைந்தால் அந்த குண்டுகளை மோதிரம் போட்ட கையால் பொறுக்காதீர்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு நகை வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். துடைத்தால் போகாது. வீட்டில் அடுப்பில் காட்டி சரிசெய்ய பார்ப்பது அதைவிட ஆபத்து, அந்த புகை விஷம். பட்டறையில் கொடுத்து பாதரசம் பட்ட விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்.

கல் நகை, முத்து, பவளம்

இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. வெறும் தங்கத்தை கழுவுவது போல கல் நகையை கழுவிவிடுகிறார்கள்.

தோட்டையோ, நெக்லசையோ திருப்பி பின்பக்கத்தை பாருங்கள். பின்பக்கம் திறந்து கல் தெரிந்தால் வெதுவெதுப்பான சோப்பு தண்ணீரில் கழுவலாம். வைரத்தோடு இந்த ரகம்தான். வைரத்தில் எண்ணெய் பிசுக்கு சீக்கிரம் ஒட்டும், அதனால் மாதம் ஒரு தடவை கழுவினால் 'டால்' அடிக்கும்.

பின்பக்கம் மூடியிருந்தால் தண்ணீரில் முக்கவே கூடாது. கெம்பு கல் பதித்த பழைய நகைகளில் கல்லுக்கு அடியில் பளபளப்புக்காக தகடு வைத்து, அரக்கு வைத்து பதித்திருப்பார்கள். உள்ளே தண்ணீர் இறங்கினால் தகடு கறுத்து கல் செத்துப்போன மாதிரி தெரியும். வெந்நீர் பட்டால் அரக்கு இளகி கல்லே கழன்று விழும். நாகர்கோவில் வடசேரி கோவில் நகை ரகங்களுக்கும் இதே கவனம் வேண்டும். லேசாக ஈரம் தொட்ட துணியால் மேலே துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டியதுதான்.

முத்து, பவளம் இரண்டும் சுண்ணாம்பு சத்தால் ஆனவை. எலுமிச்சை சாறு, புளி, வினிகர் எது பட்டாலும் மேல்பக்கம் அரித்து பளபளப்பு போய்விடும். ஒருமுறை போனால் போனதுதான். பவுடர், சென்ட் எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியாக முத்துமாலையை போட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டும். மாலை கோர்த்த நூல் நைந்திருந்தால் மறுபடி கோர்க்க கொடுத்துவிடுங்கள். மரகதத்துக்கும் வெந்நீர் ஆகாது.

தாலிச்செயினில் ஊக்கு எதற்கு?

24 மணி நேரமும் உடம்பில் கிடப்பது தாலிதான். அதனால் தேய்மானமும் அதில்தான் அதிகம். நம் பெண்கள் பலர் தாலிச்செயினில் 2, 3 ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு உதவும் என்று நினைப்பு. ஆனால் ஊக்கு இரும்பு, தங்கம் அதைவிட மிருதுவானது. நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் அந்த ஊக்கு உரசி உரசி செயின் கண்ணியை கொஞ்சம் கொஞ்சமாக தின்றுவிடும். செயின் எங்கே அறுந்தது என்று பார்த்தால் பல நேரம் ஊக்கு மாட்டிய இடமாகத்தான் இருக்கும். அந்த ஊக்கை சேலை தலைப்பிலோ, பர்சிலோ வைத்துக்கொள்ளலாம்.

தாலி, குண்டு, காசு கோர்க்கும் வளையங்களையும் பார்க்க வேண்டும். நூல் மாதிரி மெலிந்திருந்தால் உடனே பற்றவைக்க கொடுக்க வேண்டும். குண்டுகளில் உள்ளே அரக்கு வைத்த ரகம் இருந்தால் சுடுதண்ணீரில் போடக்கூடாது. மஞ்சள் கயிறு கட்டுபவர்கள் ஆடிப்பெருக்குக்கு கயிறு மாற்றும்போது இதையெல்லாம் ஒருதரம் பார்த்துவிட்டால் வருடத்துக்கு ஒரு முறை சோதனை செய்த மாதிரி.

கொக்கி 'எஸ்' மாதிரி வளைந்ததாக இருந்தால் நாளாக நாளாக வாய் விரியும். மூக்குத்தி, தோடு திருகாணி மரை தேய்ந்தால் தானாக சுற்றும். பட்டறையில் புது திருகாணி போட ஆகும் செலவு, தோடு தொலைந்தால் ஆகும் செலவில் ஒரு துளிகூட வராது.

அரிசி டப்பாவில் வைக்கலாமா?

எல்லா நகையையும் ஒரே டப்பாவில் போட்டு குலுக்கி வைப்பதுதான் பல வீட்டு வழக்கம். வைரக்கல் பக்கத்தில் கிடக்கும் தங்கத்தை கீறிவிடும். செயின்கள் சிக்கல் விழும். ஒவ்வொன்றையும் தனித்தனி பருத்தி துணியில் அல்லது கடையில் கொடுத்த பெட்டியில் வைக்க வேண்டும். செயினை கொக்கி மாட்டி நீளமாக வைத்தால் சிக்காது. வெள்ளியை தங்கத்தோடு சேர்க்காமல் காற்று போகாத கவரில் வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டு கட்டக்கூடாது, ரப்பரில் கந்தகம் உண்டு. வெள்ளி கறுப்பதே கந்தகத்தால்தான்.

கறுத்த கொலுசுக்கு ஒரு வழி. பாத்திரத்தில் அலுமினிய தாளை விரித்து அதன் மேல் கொலுசு படும்படி வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு கொதித்த தண்ணீரை ஊற்றுங்கள். லேசாக அழுகிய முட்டை வாடை வரும். சில நிமிடத்தில் கறுப்பு அலுமினியத்துக்கு போய்விடும். கல், எனாமல் வைத்த கொலுசுக்கும், வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய டிசைனுக்கும் இது வேண்டாம். கவரிங் நகையை எதிலும் தேய்க்காமல் துடைத்து வைத்தாலே போதும், தேய்த்தால் முலாம் கையோடு வந்துவிடும்.

அரிசி டப்பா, கடுகு டப்பா, துணி மடிப்பு எல்லாம் திருடனுக்கு தெரிந்த இடம்தான். அதோடு இன்னொரு ஆபத்து, வைத்தவருக்கே மறந்துபோகும். பழைய துணியோடும், குப்பையோடும் நகை போய்விட்டு, தூய்மை பணியாளர்கள் குப்பையை கிளறி எடுத்து கொடுத்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

லாக்கர் வைத்திருக்கிறீர்களா?

2022 ஜனவரி 1-ந்தேதி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டிடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கி தரவேண்டியது ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரைதான். வாடகை 2 ஆயிரம் என்றால் 2 லட்சம். உள்ளே 20 பவுன் இருந்தாலும் அதே கணக்கு. வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு, வங்கி மீது தப்பு இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. தொடர்ந்து 3 வருடம் வாடகை கட்டாவிட்டால் லாக்கரை உடைத்து திறக்க வங்கிக்கு உரிமை உண்டு. நாமினி பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டிலோ, லாக்கரிலோ எங்கே வைத்தாலும் ஒவ்வொரு நகையையும் செல்போனில் படம் எடுத்து, பக்கத்தில் எடையை எழுதி வைக்க வேண்டும். பில்லையும் சேர்த்து வையுங்கள். 2023 ஏப்ரல் 1-ந்தேதிக்கு பிறகு வாங்கிய ஹால்மார்க் நகையில் 6 இலக்க 'எச்.யூ.ஐ.டி.' எண் பொடி எழுத்தில் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணை போட்டு பார்க்கலாம். திருட்டு போனால் போலீஸ் நிலையத்தில் முதலில் கேட்பது அடையாளமும் எடையும்தான். அப்போது உட்கார்ந்து யோசித்தால் ஞாபகத்துக்கு வராது.

கடையிலேயே பாலீஷ் போட கொடுப்பவர்களும் கொடுக்கும் முன் எடை, வாங்கும்போது எடை இரண்டையும் கண் முன்னால் போட்டு பார்க்க வேண்டும். மெஷினில் தேய்க்கும்போது கொஞ்சம் தங்கம் உதிரத்தான் செய்யும். அதனால் அடிக்கடி போடக்கூடாது, விசேஷத்துக்கு ஒருமுறை போதும்.

மூக்குத்தி தவறி வாஷ்பேசினில் விழுந்துவிட்டால் பதறிப்போய் தண்ணீரை திறந்துவிடாதீர்கள். கனமான பொருள், பேசினுக்கு கீழே வளைந்திருக்கும் குழாயில்தான் நிற்கும். ஒரு வாளியை கீழே வைத்து அந்த வளைவை கழற்றினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.