டானும் பள்ளத்தாக்கும் மரவெட்டு வருவாயும்

சபாவின் மழைக்காடுகளைப் பற்றி எழுதுவோர் சட்டங்களையும் உயிரினங்களையும் விரிவாகப் பேசுவர். கணக்கேடுகளைப் புரட்டுவோர் குறைவு. டானும் பள்ளத்தாக்கின் வரலாற்றைக் கணக்கேட்டிலிருந்து தொடங்குவதே பொருந்தும்.

1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்வழி நிறுவப்பட்ட சபா அறவாரியத்திற்கு, மக்களின் கல்விக்கும் நலனுக்கும் பொருள் திரட்டும்பொருட்டு ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டர் காடு மரவெட்டு உரிமையாக வழங்கப்பட்டது. 1970களின் இறுதியில் மாநில அரசின் வருவாயில் பாதிக்கும் மேலானது காட்டிலிருந்தே கிடைத்தது. இத்தகைய காலச்சூழலில், தன் உரிமைப் பகுதிக்குள் அமைந்த 438 சதுர கிலோமீட்டர் காட்டை வெட்டாது விட அவ்வறவாரியம் தானே முன்வந்தது. 1986இல் அங்கு ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. முதல் வகுப்புக் காப்புக்காடு எனும் சட்டத் தகுதியோ 1995இல்தான் கிட்டியது.

ஆக, வெட்டியவரும் காத்தவரும் ஒருவரே. இதனை இரட்டை வேடம் என இகழ்தல் எளிது. ஆயினும் அன்றைய சபாவில் காவலுக்கும் ஆய்வுக்கும் செலவிடும் வலிமை மர வருவாய் பெற்றவரிடமே இருந்தது. இவ்வேற்பாட்டின் குறை வேறிடத்தில் உள்ளது. மரம் குறையக் குறைய வருவாயும் குறையும். காப்புக்காட்டின் செலவு குறைவதில்லை.

எனவே வெளிப்பணம் தேடப்பட்டது. 1992இல், நெதர்லாந்து மின்னுற்பத்தித் துறை அமைத்த ஃபேஸ் அறக்கட்டளை, தன் கரிம வெளியேற்றத்திற்கு ஈடாக, டானுமை அடுத்துள்ள வெட்டப்பட்ட காட்டில் 25,000 ஹெக்டரை மறுசீரமைக்க உடன்பட்டது. 2008இல் தொடங்கிய மாலுவா உயிர்வள வங்கி இன்னும் துணிச்சலானது. 34,000 ஹெக்டர் காட்டிற்கு 50 ஆண்டு உரிமம். தொடக்க ஆண்டுகளின் சீரமைப்பிற்குத் தனியார் நிதியம் 1 கோடி அமெரிக்க டாலர் வரை முதலிடும். 100 சதுர மீட்டருக்கு ஒன்றென 10 டாலர் சான்றிதழ்கள் விற்கப்படும். அவ்வருவாயில் ஒரு பகுதி பிற்காலப் பராமரிப்புக்கான பொறுப்பாண்மை நிதியைச் சேரும். முழுக்காட்டையும் இவ்விலையில் கணக்கிட்டால் 34 இலட்சம் சான்றிதழ்கள் வேண்டும். வாங்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதுமில்லை. அதே ஆண்டில் உலக நிதி நெருக்கடியும் மூண்டது. விற்பனை எதிர்பார்ப்பைத் தொடவேயில்லை.

கூட்டரசு, காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்கு 2019இல் 6 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. 2024இல் அத்தொகை 20 கோடியாக உயர்ந்தது. ஆயினும் இவ்வொதுக்கீடு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் முடிவாகின்றது. மாலுவாவின் உரிமமோ 50 ஆண்டுகளுக்கானது.