மணலிக்கு வந்த ஸ்காட்லாந்து மெட்டு

ஹைதராபாத்தில் பாட்டு கற்கும் நம் பிள்ளைகள் பலர் நோட்டுஸ்வரம் பாடுகிறார்கள். மேனாட்டு மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) வடமொழியில் செய்த சாகித்தியங்கள் அவை. 'நோட்' என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் 'நோட்டு' ஆயிற்று. எல்லாம் சங்கராபரணத்தில், கமகமில்லாமல், நேராக நடப்பவை. அவற்றுள் 'ஜகதீச குருகுஹ' என்பதன் மெட்டு, 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்ற ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டு. சரக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது வியாபாரியின் பழக்கமாயிற்றே, விசாரித்தேன்.

1780இல் 73ஆம் ஹைலேண்டர் படைப்பிரிவு சென்னையில் வந்திறங்கியது. மறு ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடு சண்டை. குண்டு பறக்கும் களத்தில் அவர்களுடைய பைக்குழல்காரர்கள் விடாமல் வாசித்ததைப் பாராட்டி, தளபதி அயர் கூட் வெள்ளிக்குழல் செய்ய 50 பவுன் கொடுத்தார் என்று அப்படைப்பிரிவின் வரலாறு சொல்கிறது. ஆக, ஸ்காட்லாந்து இசை தமிழ் மண்ணில் அப்போதே ஒலித்துவிட்டது.

பிறகு தீட்சிதர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில், துபாஷி குடும்பத்து முத்துக்கிருஷ்ண முதலியார் ஆதரவில் வாழ்ந்தது. கோட்டையில் ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தை அங்கிருந்து போய்த்தான் கேட்டார்கள். தம்பி பாலுஸ்வாமி வயலினே கற்றுக்கொண்டார். அண்ணன் மெட்டை வாங்கி, அம்பாளையும் முருகனையும் அதில் பாடினார்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796) என்ன செய்தார் தெரியுமோ? ஊரில் வழங்கிய பழைய ஆட்ட மெட்டுகளுக்குப் புதுச் சொல் கட்டினார். அவருடைய 'ஆல்ட் லாங் சைன்' 1796இல் ஒரு மெட்டோடு அச்சாயிற்று. உலகம் இன்று பாடும் மெட்டு 1799இல்தான் அதற்கு அமைந்தது. அதே மெட்டைப் பின்னாளில் தாகூர் வங்காளிக்கு எடுத்துக்கொண்டார். மெட்டு ஊர் ஊராய்ப் போகும். சொல்லை அந்தந்த ஊர்க்காரன்தான் போட வேண்டும்.

நம் கூட்டங்களில் இரண்டு பேச்சு அடிபடுகிறது. 'வெள்ளைக்காரன் மெட்டு, நமக்கெதுக்கு?' என்பது ஒன்று. 'எல்லாமே நம்மகிட்டேயிருந்து போனதுதான்' என்பது இன்னொன்று. இரண்டுமே கணக்கில் உதைக்கும். வரவை மறைத்தாலும் தப்பு, இல்லாத வரவை எழுதினாலும் தப்பு. தீட்சிதர் வாங்கினார். வாங்கியதில் 'குருகுஹ' என்று தன் முத்திரையையும் வைத்தார்.

அந்தச் சாகித்தியங்களில் பலவற்றை, 1905இல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 'பிரதமாப்யாச புஸ்தகமு'வில் வெளியிட்டார். நூலோ தெலுங்கு. என் பேத்தி தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள், தெலுங்கென்றால் தடங்கலில்லை. தமிழ்நாட்டில் இருக்கும் அவள் வயதுப் பிள்ளைகள் திணறுகிற புத்தகத்தை இவள் சரளமாகப் படிக்கிறாள். ஊரைவிட்டு வந்ததில் இழந்ததை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறோம். கிடைத்ததையும் பக்கத்தில் எழுதிவைப்போம். அதோடு வீட்டில் தினம் ஒரு பக்கம் தமிழும் படிக்கவைப்போம். சொந்தச் சொல் இல்லாதவன் வாங்கிய மெட்டில் எதை வைத்துப் பாடுவான்?