ரெய்டு அடுக்கில் எஸ்.எஸ்.டி.கள்: வேகமும் தரவுப் பாதுகாப்பும்

ரெய்டு என்பது பல சேமிப்பகங்களை ஒன்றிணைத்து, கணினிக்கு ஒரே சேமிப்பகம்போலக் காட்டும் தொழில்நுட்பமாகும். வன்தட்டுகளுக்காக உருவான இம்முறையில், பிற்காலத்தில் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகங்களும் இணைக்கப்பட்டன. இதனால் வேகம், தரவுப் பாதுகாப்பு என இரண்டு பயன்கள் கிடைக்கலாம். ஆனால் ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்றையோ கொள்ளளவையோ ஓரளவு விட்டுக்கொடுக்க நேரும். வன்தட்டுக் காலத்தில் வகுக்கப்பட்ட இந்தக் கணக்கு எஸ்.எஸ்.டி. வந்தபின் பெரிதும் மாறியது.

தோற்றம்

ஒரே தரவை இரு தட்டுகளில் எழுதிவைக்கும் வழக்கம் 1970களிலேயே டாண்டம் நிறுவனத்தின் நான்ஸ்டாப் கணினிகளில் இருந்தது. பழுதான சேமிப்பகத்தின் தரவை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்கும் முறைக்கு, ஐ.பி.எம். நிறுவனத்தின் நார்மன் கென் ஔச்சி 1978இல் காப்புரிமை பெற்றார்.

இம்முயற்சிகளுக்குப் பொதுவான பெயரும் வகைப்பாடும் 1988இல் கிடைத்தன. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் அவ்வாண்டு சிகாகோவில் நடந்த தரவுத்தள மாநாட்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையை முன்வைத்தனர். செயலிகளின் வேகம் விரைந்து வளர, தட்டுகள் பின்தங்கிவிட்டன என்பது அவர்களின் கவலை. ஐ.பி.எம். 3380 போன்ற ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக, தனிநபர் கணினிகளுக்கான மலிவான சிறு தட்டுகள் பலவற்றை ஒன்றாக இயக்கலாம் என்பது அவர்கள் சொன்ன தீர்வு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு சிறு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் பழுதின்றி ஓடும் என்றால், 100 தட்டுகள் கொண்ட அடுக்கில் 300 மணி நேரத்திற்கு ஒருமுறை ஏதாவது ஒன்று பழுதாகும். இது இரண்டு வாரத்திற்கும் குறைவு. வேகத்திற்காகச் செய்த ஏற்பாடே தரவை ஆபத்தில் தள்ளியது. எனவே இழந்ததை மீட்க உதவும் உபரித் தகவலையும் சேர்த்து எழுத வேண்டும் என்றனர். ரெய்டு என்ற சுருக்கப்பெயரில் முதலில் 'மலிவான' என்று பொருள்பட்ட சொல், பின்னர் 'தனித்தியங்கும்' என்று பொருள்படும் சொல்லாக மாறியது.

முக்கிய வகைகள்

ரெய்டு 0 முறையில் தரவு துண்டுகளாக்கப்பட்டு எல்லாச் சேமிப்பகங்களிலும் பகிர்ந்து எழுதப்படுகிறது. வேகம் கூடும், உபரித் தகவல் இல்லை. ஒன்று பழுதானாலும் முழு அடுக்கும் போய்விடும். எடுத்துக்காட்டாக, ஒரு சேமிப்பகம் ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு 2% என்று கொண்டால், இரண்டு இணைந்த அடுக்கிற்கு அது ஏறத்தாழ 4%, நான்கு இணைந்ததற்கு ஏறத்தாழ 7.8% ஆகும். 1988ஆம் ஆண்டுக் கட்டுரையின் வகைப்பாடு ரெய்டு 1இல் தொடங்கி 5இல் முடிந்தது. பாதுகாப்பே இல்லாத இம்முறைக்கு 0 என்ற எண் பின்னர் வழங்கலாயிற்று.

ரெய்டு 1 முறையில் ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படுகிறது. பாதுகாப்பு கிடைக்கும், கொள்ளளவு பாதியாகும். ரெய்டு 10 இவ்விரண்டையும் சேர்த்தது.

ரெய்டு 5 முறையில் பாரிட்டி எனப்படும் சரிபார்ப்புத் தகவல் எல்லாச் சேமிப்பகங்களிலும் சுழற்சியாக எழுதப்படுகிறது. மூன்று சேமிப்பகங்களில் 1, 0, 1 என்ற பிட்கள் இருந்தால், 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி நான்காவதில் 0 எழுதப்படும். இரண்டாவது சேமிப்பகம் பழுதானால், எஞ்சிய 1, 1, 0 ஆகியவற்றைக் கொண்டு இழந்தது 0 என்று அறியலாம். ஆனால் சிறிய அளவு தரவை மாற்றுவதற்கும் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். ஒரு வேலைக்கு நான்கு வேலைகள். ரெய்டு 6 இரண்டு பாரிட்டிகளை வைத்து, இரண்டு பழுதுகளைத் தாங்குகிறது.

எஸ்.எஸ்.டி.யின் வருகை

தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃப்ளாஷ் நினைவகமே இன்றைய எஸ்.எஸ்.டி.களின் அடிப்படை. 2008இல் வெளிவந்த இன்டெல் எக்ஸ்25-எம் போன்றவற்றால் எஸ்.எஸ்.டி. தனிநபர் கணினிகளுக்குப் பரவியது. அதன் படிக்கும் வேகம் நொடிக்கு 250 மெகாபைட் வரை இருந்தது. இரண்டை ரெய்டு 0 முறையில் இணைத்தால் பெரிய கோப்புகளைப் படிக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், ஆர்வலர்கள் பலர் அவ்வாறே செய்தனர்.

ஃப்ளாஷ் நினைவகத்திற்கு ஒரு தனிக்குணம் உண்டு: எழுத எழுத அது தேய்கிறது. ஒரு கலத்தில் ஒரு பிட் சேமிக்கும் வகை சுமார் 1,00,000 முறையும், இரண்டு பிட் சேமிக்கும் வகை சுமார் 5,000 முதல் 10,000 முறையும் அழித்தெழுதுவதைத் தாங்கும் என்று அக்காலத்தில் கணக்கிடப்பட்டது.

ஒன்றாகத் தேய்தல்

பெர்க்லி கட்டுரையின் கணக்கு ஓர் அனுமானத்தில் நின்றது: தட்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பழுதாகும். ஒன்று பழுதானபின் அடுத்தது பழுதாவதற்குள் மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்தே வருகிறது. ரெய்டு 5 எழுதும் சுமையைச் சமமாகப் பகிர்வதால், ஒரே நாளில் பொருத்தப்பட்ட எஸ்.எஸ்.டி.கள் ஒரே அளவில் தேய்கின்றன. முதலாவது பழுதாகும்போது மற்றவையும் முதுமையின் விளிம்பில் இருக்கும். மகேஷ் பாலகிருஷ்ணன் உள்ளிட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சுட்டிக்காட்டினர். பாரிட்டியை வேண்டுமென்றே சமமின்றிப் பகிர்ந்து, எஸ்.எஸ்.டி.களை வெவ்வேறு வேகத்தில் தேயவைக்கும் முறையையும் முன்மொழிந்தனர்.

தேய்மானம் இல்லாமலும் ஒருசேரப் பழுதாகலாம் என்பது 2019 நவம்பரில் தெரியவந்தது. ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம், தன் குறிப்பிட்ட சில எஸ்.எஸ்.டி.கள் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும் என்றும், அதன்பின் தரவை மீட்க இயலாது என்றும் எச்சரித்தது. காரணம் உள்மென்பொருள் பிழை. 16 பிட் குறியுள்ள முழு எண்ணில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 32,767 என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. ஒன்றாக இயங்கத் தொடங்கியவை ஏறக்குறைய ஒன்றாகவே நின்றுபோகும் என்பதால், இத்தகைய பிழைக்கு முன் ரெய்டு 1, 5, 6 எதுவும் காப்பாகாது. 2020 மார்ச்சில் வேறு சில மாதிரிகளுக்கு 40,000 மணி நேர எல்லை அறிவிக்கப்பட்டது. இரு முறையும் திருத்திய உள்மென்பொருள் வெளியிடப்பட்டது.

எஸ்.எஸ்.டி. வன்தட்டைவிடக் குறைந்த நம்பகமுடையது என்று இதற்குப் பொருள் அல்ல. கூகுள் தரவு மையங்களின் ஆறாண்டுத் தரவை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, எஸ்.எஸ்.டி.களை மாற்றவேண்டிய தேவை வன்தட்டுகளைவிடக் குறைவு என்றது. அதே ஆய்வு, திருத்த முடியாத படிப்புப் பிழைகள் எஸ்.எஸ்.டி.களில் அதிகம் என்றும் கண்டது. பழுதான ஒன்றை மாற்றி அடுக்கை மீண்டும் கட்டும்போது இத்தகைய பிழை நேர்ந்தால், ரெய்டு 5 அடுக்கில் அப்பகுதித் தரவை மீட்க இயலாது.

வேகத்தின் மதிப்பு

இதற்கிடையில் ரெய்டு 0 தந்த ஆதாயம் சுருங்கியது. சாட்டா இணைப்பின் உச்சவரம்பு நொடிக்கு 600 மெகாபைட். என்விஎம்இ என்ற புதிய நெறிமுறை 2011இல் வெளியானது. அதன்வழி வந்த எஸ்.எஸ்.டி. ஒன்றே நொடிக்கு 3,000 மெகாபைட்டுக்கு மேல் படித்தது. ஐந்து சாட்டா எஸ்.எஸ்.டி.களை இணைத்தாலும் இதை எட்ட இயலாது. மேலும் ரெய்டு 0 பெரிய கோப்புகளுக்கே உதவுகிறது. ஒரு சிறிய கோப்பைத் தேடி எடுக்கும் தாமதத்தை அது குறைப்பதில்லை. அதனால் இயங்குதளம் தொடங்குவதிலும் நிரல்கள் திறப்பதிலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

இன்றைய பயன்பாடு

காணொளித் தொகுப்பின் இடைக்காலக் கோப்புகள் போன்று, இழந்தாலும் மீண்டும் உருவாக்கக்கூடிய தரவுக்கு ரெய்டு 0 பொருந்தும். இடையறாது இயங்க வேண்டிய வழங்கிகளுக்கு ரெய்டு 1, 10, 6 ஆகியவை பயன்படுகின்றன. வெவ்வேறு காலத்தில் தயாரான அல்லது வெவ்வேறு நிறுவனங்களின் எஸ்.எஸ்.டி.களைக் கலந்து பொருத்துவது, ஒருசேரப் பழுதாகும் ஆபத்தைக் குறைக்கும்.

எந்த ரெய்டு வகையும் காப்பு நகலுக்கு ஈடாகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு சேமிப்பகங்களிலும் அந்நொடியே அழியும். பணயத் தீநிரல் பூட்டிய கோப்பு இரண்டிலும் பூட்டப்பட்டே இருக்கும். ஒரு சேமிப்பகம் பழுதானாலும் வேலை நிற்காமல் நடக்க ரெய்டு உதவுகிறது. இழந்த தரவைத் திரும்பப் பெற, அடுக்கிற்கு வெளியே வேறிடத்தில் வைக்கப்பட்ட நகலே தேவைப்படுகிறது.