கைக்கருவியும் மின்விசையும்

கொழும்பு ஜிந்துப்பிட்டியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் செட்டியார் தெருவின் பொற்கொல்லர் பட்டறைகளை அடையலாம். இன்னும் சிறிது நடந்தால் பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளைக் காணலாம். ஒரு தெருவிலே தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்த நுண்ணிய கைவேலை. மற்றத் தெருவிலே அக்கைவேலையை விரைவுபடுத்த வந்த மின்கருவிகளின் விற்பனை. இரு தெருக்களுக்கும் இடையேயுள்ள தூரம் சிறிதாயினும், துறப்பணத்திலிருந்து மின்துளைகருவிக்கு மனிதன் வந்த தூரம் பெரிது. அவ்வழியிலே அவன் பெற்றது யாது, இழந்தது யாது என்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நம் தச்சர் வில்லும் கயிறும் கொண்டு துறப்பணத்தைச் சுழற்றி மரத்தைத் துளைத்தனர். அக்கருவிக்கு விசை தருவது தச்சனுடைய தோளே. ஆதலின் அவன் களைத்தால் கருவியும் களைக்கும். அவன் கை நின்றால் கருவியும் நிற்கும். உளியும் சீவுளியும் வாளும் இவ்வியல்பினவே. அவற்றாலும் காயம் உண்டாவதுண்டு. எனினும் காயத்தின் அளவு கையின் வலிமைக்கு உட்பட்டது. கருவி மனிதனை மீறி ஓடியதில்லை.

நீராவி எந்திரம் வந்தபின் இந்நிலை மாறியது. ஆலையின் ஒரு மூலையிலே எந்திரம் நிற்கும்; கூரையின் கீழே நெடிய சுழல்தண்டு ஓடும்; தண்டிலிருந்து தோல்வார்கள் இறங்கி ஒவ்வொரு பொறியையும் சுழற்றும். வேட்டி நுனியோ கூந்தலோ அவ்வாரில் அகப்பட்டால் ஆளையே இழுத்துவிடும். இங்கிலாந்திலே 1844 ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைப் பொறிகளுக்கு வேலியிட வேண்டுமெனப் பணித்தது. ஈண்டு நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்காலத்து ஆபத்து ஓரிடத்தில் நின்ற ஆபத்து. நிற்பதற்கு வேலி போடலாம், பூட்டலாம், அதிகாரி வந்து பார்க்கலாம். இலங்கையின் 1942 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் பொறிகளுக்கு வேலியிடுதலை முதற் கடமைகளுள் ஒன்றாக வைத்தது.

நிற்க, மின்சாரம் இவ்வேலியைத் தாண்டி வெளியே வந்த வரலாற்றைப் பார்ப்போம். 1889 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் ஆர்தர் ஆர்னொட், வில்லியம் பிரெயின் என்னும் இருவர் மின்துளைகருவிக்குக் காப்புரிமை பெற்றனர். அது பாறையையும் நிலக்கரியையும் துளைப்பதற்கு அமைந்தது. 1895 இல் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரிலுள்ள பைன் தொழிலகம் கையிலே தாங்கித் துளைக்கும் கருவியைச் செய்தது. அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரிலே 1910 இல் தொழில் தொடங்கிய டங்கன் பிளாக், அலன்சோ டெக்கர் என்னும் இருவரும் 1917 இல் ஒரு புதிய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். கைத்துப்பாக்கி போன்ற பிடி; விரலால் அழுத்தினால் ஓடி, விட்டால் நிற்கும் விசை. இன்று உலகெங்கும் வழங்கும் துளைகருவிகளின் வடிவம் அதுவே.

இவ்விசையைச் சிறு வசதியென்று எண்ணிவிடலாகாது. துறப்பணத்தோடு நாம் இழந்த பழைய நியதியை அது மீட்டுத் தந்தது. கை நின்றால் கருவி நிற்கும் என்ற அந்நியதி ஓர் ஆள்காட்டி விரலின் அசைவிலே மீண்டும் குடிகொண்டது. விரல் நோகிறதென்று விசையை நாடாவாற் சுற்றிக் கட்டிவிட்டு வேலை செய்வோர் உளர். கட்டிய அக்கணமே தம்மை மீறி ஓடும் பொறியொன்றை அவர் தம் கையிலே ஏந்துகின்றனர்.

கொழும்பு மாநகரிலே 1899 இல் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் எடுத்துரைத்த நீர்மின் திட்டம் 1950 இல் லக்சபானவில் கைகூடியது. அதன்பின் மின்சாரம் மெல்ல மெல்லப் பட்டறைகளுக்கும் வீடுகளுக்கும் வந்தது. வந்த மின்சாரம் 230 வோல்ற்று. கைக்கருவியின் உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து உலோக உடலைத் தொட்டால், அதைப் பிடித்திருப்பவன் உடலே மின் செல்லும் வழியாகிறது.

அமெரிக்கப் பேராசிரியர் சாள்ஸ் டல்சியல் மின்னோட்டம் மனித உடலை எவ்வாறு தாக்குகின்றதென்று நெடுங்காலம் ஆராய்ந்தார். ஏறத்தாழ 10 முதல் 16 மில்லி அம்பியர் மின்னோட்டம் பாய்ந்தாலே கைத்தசைகள் இறுகிவிடும்; பிடித்ததை விட முடியாது என அறியப்பட்டது. கைக்கருவியைப் பொறுத்தமட்டில் இது கொடுமையானது; அதனைப் பற்றியிருப்பது கையன்றோ? ஈரமான உடலின் தடையை 1,000 ஓம் எனக் கொண்டால் 230 வோல்ற்றிலே 230 மில்லி அம்பியர் பாயும். 13 அம்பியர் உருகியோ இவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு அசையாது. உருகி கம்பியைக் காக்க ஏற்பட்டது. மனிதனைக் காக்க ஏற்பட்டதன்று. இவ்வுண்மையை அறியாதார் பலர்.

மனிதனைக் காக்கும் வழிகள் மூன்று தோன்றின. முதலாவது புவித்தொடுப்பு, மூன்று முள் செருகியின் நீண்ட முள் அதற்கெனவே அமைந்தது. இரண்டாவது இரட்டைக் காவலி. ஒரு சதுரத்துள் மற்றொரு சதுரம் பொறித்த கருவிகள் அவ்வகையின. அவற்றுக்குப் புவித்தொடுப்பு வேண்டுவதில்லை. மூன்றாவது, வழக்கிலே ‘டிரிப் சுவிச்சு’ எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். போன மின்னோட்டம் திரும்பி வராது 30 மில்லி அம்பியர் அளவு கசிந்தாலும், அது நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பை அறுத்துவிடும். டல்சியல் 1961 இல் இவ்வகைக் கருவியொன்றை அமைத்தார். செருகியை வெட்டியெறிந்துவிட்டு வெறுங்கம்பிகளைத் தீக்குச்சியால் இறுக்கித் துளைகளிற் செருகும் வழக்கம், புவித்தொடுப்பு என்னும் முதற் காவலைத் தன் கையாலேயே களைவதாகும்.

இனி, அரைக்கும் கருவிக்கு வருவோம். ஜேர்மனியில் 1954 இல் உருவாகிய கைச்சாணை இன்று நம் இரும்பு வேலைக்காரரிடையே ‘கிரைண்டர்’ என்ற பெயரோடு பெருவழக்காயுள்ளது. அதன் 4 அங்குலச் சில்லு நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழலும். சில்லின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. வேலை விரைவில் முடியுமென்று காப்புமூடியைக் கழற்றி 7 அங்குலச் சில்லைப் பொருத்துவோர் உளர். அப்பொழுது விளிம்பின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீற்றராகும். இத்தகைய சில்லுகள் தாங்கத்தக்க வேகமோ மணிக்கு 288 கிலோமீற்றரே. சில்லு சிதறினால் அதன் துண்டுக்கு முன் நிற்பது முகமும் கழுத்தும். மரம் அறுக்கும் பல்வாளை அதிற் பூட்டுவது இதனினும் கொடிது. பல் மரத்திற் கொளுவிய மாத்திரத்தே கருவி கையிலிருந்து துள்ளிப் பாயும்.

1934 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், இழந்த பெருவிரலுக்கும் கண்ணுக்கும் விகிதம் வகுத்துள்ளது. அவ்விகிதம் குடும்பத்தின் பசிக்கு உதவலாம். பொற்கொல்லன் பெருவிரலிற் பயின்ற இருபது ஆண்டுத் திறனை எந்த அட்டவணையும் திருப்பித் தராது. மேலும், ஆலையிலே பொறி நின்ற காலத்துச் சட்டம் அதனைத் தேடிச் செல்ல முடிந்தது. இன்று பொறி ஒரு பையிலே அடங்கி, நாட்கூலி இளைஞனோடு இன்று கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிக்கும் நாளை வெள்ளவத்தையில் ஒரு சமையலறைக்கும் செல்கிறது. பாடசாலையை விட்டு அவ்வேலைக்குச் செல்வோர் நம் பிள்ளைகளே. அவர்களுக்கு வேலி எங்கே?

அவ்வேலி பழக்கத்தாலேயே அமைய வேண்டும். சில்லையோ துளையூசியையோ மாற்றுமுன் செருகியைப் பிடுங்குக. மின்கலக் கருவியாயின் கலத்தைக் கழற்றுக. கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிக. சுழலும் துளையூசியருகே கையுறையும் தொங்கும் சால்வையும் வேண்டா. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கருவியை ஏந்தற்க. விசையை விட்டபின்னும் சில்லு சில நொடி சுழலுமாதலால், அது நிற்கும்வரை கருவியைக் கீழே வையாதிருக்க. தரையோடு அறுக்கையில் எழும் தூசு நுரையீரலைக் கெடுக்குமாதலின் நீர் விட்டு அறுக்கவல்ல கருவியை நாடுக, முகக்கவசமும் இடுக.

தொழில் பழக்கும் மூத்தோர் முன்னாளில் உளியைப் பிடிக்கக் கற்பிக்குமுன் அதனை எவ்வாறு கீழே வைப்பதென்று கற்பித்தனர். மின்கருவியைச் சிறுவன் கையிற் கொடுக்கும் பட்டறைத் தலைவரும் அவ்வாறே, அதனை ஓட்டுவதற்கு முன் நிறுத்துவதைப் பழக்குவாராக.