கந்தையில் மலரும் நவராத்திரி

தையற்காரர் கடையில் தரையில் விழும் வெட்டுத்துணிக்கு விலையில்லை. ஆயினும் நம் நாட்டுக் கலை வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. வீசியெறியப்பட்ட துணிகளைத் திரட்டித் துவைத்துத் தைத்து உடுத்தியவர்கள் பண்டைப் பௌத்தத் துறவிகள். மகத நாட்டு வயல்களையும் அவற்றின் வரப்புகளையும் புத்தர் பெருமான் சுட்டிக் காட்டி, அவ்வமைப்பிலேயே துவராடையைத் தைக்குமாறு ஆனந்தரைப் பணித்ததாக விநய நூல் கூறுகிறது. துண்டுகளை இணைப்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்னும் எண்ணம் அத்துணை பழையது.

வங்கப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையில் உருவிய நூலாலேயே தைத்த போர்வைக்குக் காந்தா என்று பெயர். நம் 'கந்தை' என்னும் சொல்லும் அதன் உறவே. தஞ்சைத் தேர்ச்சீலைகளிலும் தொம்பைகளிலும், ஒடிசாவின் பிப்பிலிக் கைவினைஞர் பூரித் தேருக்குச் செய்யும் விதானங்களிலும் வண்ணத் துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் கலை திருவிழாவுக்கே உரியதாக வளர்ந்தது.

இனித் திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டைக்கு வருவோம். கோட்டைக்கு வெளியே நீண்டிருக்கும் சாலைக் கடைத்தெரு, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்த வணிகத்தலம். தமிழ் வணிகர் பலர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். நவராத்திரி வந்தால் அத்தெருவுக்குத் தனிப் பொலிவு. பத்மநாபபுரத்துச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று திருவுருவங்களும் ஆண்டுதோறும் ஊர்வலமாக இங்கு வருகின்றன. சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் எழுந்தருளுகின்றனர். விழா முடிந்ததும் அவரவர் ஊருக்குத் திரும்புகின்றனர்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, அம்மூன்று ஊர்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. மண்டபம் கேரளத்தில் நின்றது. வழியின் குறுக்கே எல்லை விழுந்தும் ஊர்வலம் நிற்கவில்லை. களியக்காவிளையைக் கடந்து இன்றும் அது வருகிறது. வரைபடத்தில் பிரிந்ததை வழக்கம் சேர்த்துத் தைத்திருக்கிறது.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சிறிய வீட்டில் ஒன்பது படிக் கொலு இயலாது. ஊரிலிருந்து பொம்மைகளும் வந்து சேர்வதில்லை. ஆனால் பெட்டியின் அடியில் அன்னையின் நைந்த சேலையும், தந்தையின் பழைய வேட்டியும், குழந்தையின் சட்டையில் மிஞ்சிய துணியும் இருக்கும். அவற்றைக் கொண்டு மூன்று படிகளுக்கு ஒரு விரிப்புத் தைக்கலாம்.

துணிகளை முதலில் துவைத்துச் சாயமும் சுருக்கமும் போக்க வேண்டும். பிறகு ஒன்பது இரவுகளுக்கு ஒன்பது சதுரங்களாக, வரிசைக்கு மூன்றாகத் தரையில் பரப்பி, நிறம் இயையும் வரை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். நடுவே சரசுவதிக்கு வெண்மை, ஒருபுறம் முருகனுக்குச் செம்மை, மறுபுறம் நங்கைக்குப் பசுமை அமையட்டும். அளவு குறைந்த துண்டுக்குச் சரிகைக் கரையை இணைத்தால் குறையே அணியாகிவிடும். அடியில் வேட்டியை வைத்து ஓட்டுத்தையல் இட்டால் விரிப்பு நிலைக்கும்.

'இந்தச் சதுரம் எது?' என்று குழந்தைகள் கேட்பார்கள். பாட்டியின் பெயரையும் அவள் பிறந்த ஊரையும் அப்போது தமிழிலேயே சொல்லுவோம். பாடப் புத்தகத்தில் கிட்டாத நம் குடும்ப வரலாறு அந்த விரிப்பில் கிட்டும்.