பெயர் வைக்க முன்னர் வந்த வெள்ளம்



ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டினால் கடைத்தெருவில் என்னைக் கண்டவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சேர், சூறாவளியா வருது?" இல்லை, தாழமுக்கம்தான் என்று சொன்னால் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில் எழுதியது இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது 1978இல் இருந்து வந்தது. நவம்பர் 23, வியாழக்கிழமை இரவு மட்டக்களப்புக் கரையைக் கடந்த சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தென்னந்தோட்டங்கள் தரையோடு சாய்ந்தன. கூரைத் தகடு பறந்த கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இந்தக் கரையில் இல்லை. அதற்குப் பெயர் கிடையாது. "எழுபத்தெட்டுச் சூறாவளி" என்றால் போதும். அன்றிலிருந்து நமக்கு ஆபத்து என்றால் காற்று. காற்று இல்லையென்றால் வெறும் மழை.

அதற்கு முந்திய தலைமுறைக்கு மழைதான் கணக்கு. கச்சான் ஓய்ந்து வாடை திரும்புவதைப் பார்த்து வட்டையில் விதைப்புக்கு நாள் பார்த்தார்கள். கடல் பக்கம் முகில் கறுத்து எழும்பினால் எவ்வளவு நேரத்தில் ஊருக்கு வரும் என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். லண்டனில் லூக் ஹவார்ட் என்ற மருந்து வியாபாரி 1802இல் முகில்களைக் கீற்று, திரள், படை என்று பிரித்துப் பெயரிட்டார். நமது பாடப்புத்தகத்தில் இருப்பதும் அதன் வழிவந்ததுதான். நமது விவசாயிகள் பெயர் வைக்காமலே அந்த வித்தியாசத்தை அறிந்திருந்தார்கள். கோபுரம் போல உயரும் திரள் முகில் இடி மின்னலோடு கொட்டிவிட்டுப் போகும். வானம் முழுக்கச் சாம்பலாக மூடும் படை முகில் அமைதியாக, மணிக்கணக்கில் பெய்யும். வாய்க்காலை நிரப்புவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். ஆனால் அவர்கள் கண்ணுக்கு எட்டியது தலைக்கு மேலே இருந்த வானம் மட்டும். மேற்கே அம்பாறைப் பக்கம் என்ன பெய்தது என்பது தண்ணீர் வந்த பிறகுதான் தெரிந்தது.

கொழும்பில் 1907இல் வானிலை அவதான நிலையம் வந்தது. 1948இல் அது தனித் திணைக்களமானது. பிறகு வானொலி, செய்மதி, இப்போது கையில் இருக்கும் போன். வங்காள விரிகுடாச் சூறாவளிகளுக்குப் பெயர் வைக்கும் முறை 2004இல்தான் தொடங்கியது. காற்று மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீற்றரைத் தொட்டால் பெயர் கிடைக்கும். கவனியுங்கள், பெயர் கொடுக்கப் பார்ப்பது காற்றை. மழையை அல்ல.

2024 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை. நமது காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் குறுக்கறுத்து ஓடியது. மதரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் சென்ற உழவு இயந்திரம் அள்ளுண்டு போனது. எத்தனை ஜனாஸா என்று நான் இங்கே எழுதவில்லை. நமதூரில் அது தெரியாதவர் யார்? அன்றைய தினம் கடலில் இருந்தது தாழமுக்கம்தான். அது சூறாவளியாகி, சவூதி அரேபியா கொடுத்திருந்த 'பெங்கல்' என்ற பெயரைப் பெற்றது 29ஆம் திகதி. மறுநாள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அது சூறாவளியாகும்போது நமது ஊரில் தேடுதலும் அடக்கமும் நடந்துகொண்டிருந்தன.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அறிவித்தலை எப்படிக் கேட்பது என்பதுதான் என் கவலை. "150 மில்லிமீற்றருக்கு மேல் மழை" என்று சொன்னால் நம் காதில் ஒரு சாண் நீளம்தான் விழுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர். ஓர் ஏக்கர் வயலில் 150 மில்லிமீற்றர் என்றால் ஆறு இலட்சம் லீற்றர், அதாவது ஆறாயிரம் லீற்றர் பவுசர் நூறு. நமது வீதியின் இரு பக்கமும் எத்தனை ஏக்கர் கிடக்கிறது? மேட்டுப் பக்கம் பெய்ததும் இந்தத் தாழ்நிலத்தால்தான் கடலுக்குப் போகவேண்டும். இங்கே மழை விட்டு வெயில் எறித்த பிறகும் தண்ணீர் ஏறுவது அதனால்தான்.

வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரிய ஆளையும் விழுத்தும். இரண்டடி போதும், பெரும்பாலான வாகனங்கள் மிதந்துவிடும். பெரிய சில்லு தரும் தைரியம் தண்ணீருக்குத் தெரியாது. கலங்கல் தண்ணீரில் வீதியின் ஓரமும் தெரியாது.

2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' வந்தது. அதற்குப் பெயர் இருந்தது. ஆனாலும் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போனது பெரும்பாலும் மழையாலும் மண்சரிவாலும். மலைநாட்டில் அன்று காற்றைப் பற்றி யார் பேசினார்கள்?

எங்கள் வகுப்புப் பிள்ளைகள் போத்தலை வெட்டி மழைமானி செய்திருக்கிறார்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து கொப்பியில் எழுதுகிறார்கள். திணைக்களம் அளக்கும் நேரமும் அதுதான். அந்தக் கொப்பியின் முதல் பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். 1957 டிசம்பர் வெள்ளத்திலும் 1978இலும் நமதூரில் தண்ணீர் எந்த இடம் வரை ஏறியது என்று நினைவுள்ள மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். அளவு நாடாவோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.